தப்பாத துடிப்பு

பட்டுப்புடவைக் கரைக்குக் கட்டத்தாளில் டிசைன் போடுவது என் தொழில். நவீன ஓவியம் என் கிறுக்கு. எக்ஸ்ரே வந்த பிறகுதான் ஓவியர்கள் மனித உடம்பை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள் என்று கூட்டங்களில் யாராவது பேசினால் எனக்கு எரிச்சல் வரும். ஏதாவது பேச வேண்டுமே என்று பேசுகிறார்கள் என்று நினைப்பேன்.

என் மனைவியின் ஈ.சி.ஜி. தாளைப் பார்த்த அன்று அந்த எரிச்சல் போயிற்று. நான் தினமும் மல்லுக்கட்டும் அதே சின்னச் சின்னக் கட்டங்கள். அவற்றின் மேல் அவள் இதயம் கோடாக ஓடியது. ஓரிடத்தில் மட்டும் துடிப்பு வராமல் கோடு சும்மா நீண்டு கிடந்தது. அவளை எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். ஒன்றிலும் அவள் இல்லை. அந்த மெஷின் ஒரே நிமிடத்தில் வரைந்துவிட்டது.

அதன் பிறகு தினமும் அவள் முதுகில் காதை வைத்துக் கேட்பேன்.

"இன்னா, ஒன்னு தப்பிடுச்சா?" என்று சிரிப்பாள்.

ஒரு மழைக்காலத்தில் போய்விட்டாள்.

தெருவில் தறிச் சத்தம் கேட்டால், எங்கே ஓர் அடி தப்பும் என்று என் காது காத்திருக்கும். சோறு இறங்காது. என்னைப் பொறுத்தவரை அந்த விட்டுப்போன துடிப்புதான் அவள். ஈ.சி.ஜி. தாளில் அந்தக் கோடோ வெளுத்துக்கொண்டே வந்தது. முழுக்க அழிவதற்குள் அதைப் பட்டில் ஏற்றிவிட வேண்டும் என்று வெறி பிடித்தது. பூதக்கண்ணாடி வைத்து, கட்டம் கட்டமாக எண்ணிப் படி எடுத்தேன். நான் முடித்த சில நாளில் அது கோடே இல்லாத வெறும் கட்டத்தாளாகிவிட்டது.

தறி நெய்யும் என் தம்பிதான் நெய்தான். "மயிலும் இல்ல, மாங்காயும் இல்ல. இத எவ கட்டுவாண்ணா?" என்று முணுமுணுத்துக்கொண்டே, கறுப்புப் பட்டில் ஜரிகைக் கோடாக ஐந்து முழம் நெய்து கொடுத்தான்.

ஊர்க் கல்லூரியில் ஓவியமும் அறிவியலும் பற்றி ஒரு கண்காட்சி. அதில் தொங்கவிட்டோம். பார்க்க வந்த இதய டாக்டரம்மா ஒருவர் துணியருகே வெகுநேரம் நின்றார்.

"ரொம்ப நல்ல ஹார்ட்டுங்க. ஒரு குறையும் இல்ல. யாரோடது?"

எனக்குப் புரியவில்லை. கிட்டே போய் எண்ணினேன். துடிப்புக்குத் துடிப்பு ஒரே இடைவெளி. எங்கும் ஒன்றும் தப்பவில்லை.

செய்தது தம்பி இல்லை, நான். டிசைனில் ஓரிடம் பிசகினால், புடவை நெடுக அந்தப் பிசகு திரும்பத் திரும்ப விழும். அதனால் கடைசியில் முனையோடு முனை சேர்க்கும்போது, கோணல்களையும் இடைவெளிகளையும் இழுத்துச் சமன்செய்துவிடுவது முப்பது வருடப் பழக்கம். மனசு எங்கோ இருந்திருக்கிறது. கை தன் வேலையைப் பார்த்துவிட்டது. மிச்சமிருந்த அவளையும் நானே, பிசகு என்று அழித்திருக்கிறேன்.

"என் சம்சாரத்தோடதும்மா" என்றேன்.

"எப்படி இருக்காங்க?"

துணியில் அந்த இதயம் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குச் சாவு வர வழியே இல்லை.

"நல்லா இருக்குறாம்மா" என்றேன்.