மகா வாசித்த முதல் பக்கம்

கடத்தூர் நூலகத்தில் சிறுவர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இன்று காலை, பிள்ளைகள் கதையைச் சத்தமாக வாசிக்கும் நிகழ்ச்சி.

மகாவுக்குத் திக்குவாய். இதுவரை இங்கே ஒரு வரிகூடச் சத்தமாக வாசித்ததில்லை. இன்று தானாகவே எழுந்து, திக்கித் திக்கி ஒரு பக்கத்தை முடித்துவிட்டாள். மற்றவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள்.

அழைத்துப்போக வந்த அவள் அம்மா வாசலிலேயே சிரித்தார்.

"இவ படிச்சு முடிக்கறதுக்குள்ள பொழுதே போயிருமுங்க மேடம். நல்லாப் பேசற புள்ளைங்களப் படிக்க வுடுங்க."

அதன் பிறகுதான் பிள்ளைகளும் சிரித்தார்கள். மகா புத்தகத்தை மூடிவிட்டாள்.

"வூட்டுக்கு எடுத்துட்டுப் போ கண்ணு" என்றேன். வேண்டாமென்று தலையாட்டினாள்.

கிளம்பும்போது அம்மா கேட்டார்: "புள்ளைங்க தைரியமாப் பேசறதுக்கு ஏதாச்சும் புக்கு இருக்குங்களா?"

நீங்களாக இருந்தால் எந்தப் புத்தகத்தை எடுத்திருப்பீர்கள்? கொடுப்பதற்குத்தான் கேட்கிறேன், எறிவதற்கு அல்ல.