பிள்ளைக்கில்லாத சீனி

பிறந்து பன்னிரண்டாம் நாள் காலையில் பிள்ளையின் வயிறு பளபளவென்று இருந்தது. பால் பிடித்துவிட்டது, வயிறு நிறைந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். சற்று நேரத்தில் மூக்கில் போட்டிருந்த குழாய் வழியாகப் பச்சையாக ஏதோ திரும்பி வந்தது. நேர்ஸ் என்னைத் தள்ளிவிட்டு ஓடினாள்.

பிள்ளை என் தம்பி மகள் ஜெசிந்தாவுடையது. தாய் தகப்பன் இல்லாதவளை எங்கள் ஊர் வங்காலையில் நான்தான் வளர்த்தேன். ஏழாம் மாதத்திலேயே வலி கண்டு, வயிற்றை வெட்டி எடுத்த ஆண்பிள்ளை. ஒரு கிலோவுக்குச் சற்று மேல். கண்ணாடிப் பெட்டிக்குள் உரித்த இறால் போலக் கிடந்தான்.

ஜெசிந்தாவுக்கு வெட்டிய இடத்தில் சீழ் வைத்துக் காய்ச்சல். எழும்ப முடியாது. அவள் பீச்சித் தருகிற பாலைக் கிண்ணத்தில் மூடிக்கொண்டு போய்ப் பிள்ளைகள் வார்ட்டில் கொடுப்பது என் வேலை. அந்தச் சாக்கில்தான் என்னை உள்ளே விட்டார்கள்.

டொக்டர் ஒரு பெண்பிள்ளை. ஜெசிந்தாவின் வயதுதான் இருக்கும். குடல் அழற்சி (குறைமாதப் பிள்ளையின் குடல் வீங்கிக் கருகத் தொடங்கும் நோய்) என்றார். பாலை நிறுத்தினார்கள். கிருமிகொல்லி ஏற்றினார்கள். குடலில் ஓட்டை விழுந்தால் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் வெட்ட வேண்டும், போகும் வழியைப் பிள்ளை தாங்குமோ தெரியாது என்றார்.

"பிள்ளைக்குப் பாலைத் தவிர வேற ஏதும் குடுத்தனீங்களோ அம்மா?"

"இல்லை" என்றேன்.

பொய் சொன்னேன். எங்கள் பக்கத்தில் மாதா கோயில் மண் எல்லா வீட்டிலும் இருக்கும். பாம்பு கடித்தாலும் காய்ச்சல் என்றாலும் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்போம். சண்டைக்குத் தப்பி இந்தியாவில் அகதி முகாமில் இருந்த காலத்திலும் அது என் சேலைத் தலைப்பில் முடிந்தபடியே இருந்தது. பத்தாம் நாள், நேர்ஸ் அடுத்த பெட்டிப் பக்கம் திரும்பிய நேரம், அந்த மண்ணைக் கரைத்துப் பிள்ளையின் நாக்கில் மூன்று தரம் தடவியிருந்தேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே.

ஊரில் எந்தப் பிள்ளைக்கு வருத்தம் வந்தாலும் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். அந்தச் சின்னப்பெண் முன்னால் தலைகுனிய எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்த இரண்டு நாளில் பிள்ளையின் வயிறு நீலம் பாரித்தது.

மூன்றாம் நாள் டொக்டர் பெட்டிக்கு முன்னால் நின்று, "மருந்து கேக்குதில்லை. எந்தக் கிருமியெண்டு பிடிபடுதில்லை" என்று நேர்ஸிடம் சொன்னார். அவர் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டேன்.

ஏசுவார் என்று நின்றேன். ஏசவில்லை. ஒரு கதிரையை இழுத்து என்னை இருத்தினார். எவ்வளவு, எத்தனை தரம், எந்தத் தண்ணீர் என்று கேட்டு எழுதினார். மருந்தை மாற்றினார்.

"அதாலதான் வந்ததெண்டு சொல்லேலாது அம்மா. இல்லையெண்டும் சொல்லமாட்டன். ஒண்டுமே குடுக்காத பிள்ளையளுக்கும் இது வாறது. ஆனா நீங்கள் முந்தியே சொல்லியிருக்க வேணும்."

இதே மாதிரி வார்ட்டு வாசலில் நிற்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கேட்டவுடனே சொல்லிவிடுங்கள். நான் காப்பாற்றிய மரியாதைக்கு விலை பிள்ளையின் இரண்டு நாள்.

ஜெசிந்தாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். "வெளியில போங்கோ மாமி" என்றாள். அவள் புருஷன் அன்ரன் கடலுக்குப் போகிறவன், என் எதிரில் வாய் திறக்காதவன். அன்றைக்குத் திறந்தான்.

"ஊருக்கெல்லாம் வைத்தியம் பாக்கிற டொக்டரம்மா, உள்ளுக்கு ஒரு டொக்டர் இருக்கிறா எண்டது மறந்துபோச்சோ?"



அதன் பிறகு ஜெசிந்தா பால் பீச்சுவதையும் விட்டுவிட்டாள். மார்பு கல்லாகிக் கிடந்தது. கனடாவிலிருக்கும் அன்ரனின் தமையன், தாய்ப்பாலில் இருக்கிற சீனியைச் சேர்த்த பால்மா அங்கே விற்கிறது, ஒரு தகரப் பேணி அனுப்பவா என்று போனில் கேட்டிருக்கிறான். டொக்டர் ஜெசிந்தாவின் கட்டிலடிக்கு வந்தார். நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

"குடிக்காத பிள்ளைக்கு என்னத்துக்கு டொக்டர் பால்?" என்றாள் ஜெசிந்தா.

"குடிக்கிற நாள் வரும். உங்கட பாலுக்குள்ள ஒரு வகைச் சீனி இருக்கு. பிள்ளை அதைச் செமிக்காது."

"செமிக்காததை ஏன் குடுக்கிறது?"

"அது பிள்ளைக்கில்லை. பிள்ளையின்ர குடலுக்குள்ள இருக்கிற நல்ல கிருமியளுக்கு. அதுகள் திண்டு பெருகினாத்தான் கெட்டதுகளுக்கு இடமிருக்காது. இப்ப நாங்கள் குடுக்கிற மருந்து நல்லதையும் சேர்த்துக் கொல்லுது. திரும்பக் குடியேத்த வேணும்."

"அந்தப் பேணி?"

"அந்தச் சீனியை இப்ப ஃபக்டரியிலயும் செய்யினம்தான். அதில ஒண்டு ரெண்டு வகை. உங்கட பாலில எத்தினையோ வகை. இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு அந்த மாவை நான் குடுக்கமாட்டன். மார்பு காய்ஞ்சுபோகாமப் பாத்துக்கொள்ளுங்கோ."

இதற்குப் பிரீபயோட்டிக் (நல்ல கிருமிகளுக்கான தீனி) என்று பெயர் சொன்னார். பெயர் எனக்கு வாயில் வரவில்லை, விஷயம் விளங்கியது. முகாமிலிருந்து திரும்பி வந்து, எரிந்த ஊரில் கூரையில்லாமல் நின்றபோது முதலில் எங்களுக்கு அரிசியும் பருப்பும்தான் தந்தார்கள். தின்ன இருந்ததால்தான் கிணறு இறைத்தோம், வேலி அடைத்தோம், ஊர் ஊரானது.

அன்றைக்கே ஜெசிந்தா பீச்சத் தொடங்கினாள். முதலில் கிண்ணத்தின் அடி நனையவில்லை. அவள் அழுவது வெளியே கேட்டது. பாலை அன்ரன் கொண்டுபோனான். ஒருவரும் குடிக்காத பாலைப் பெயர் எழுதி, குளிர்ப்பெட்டியில் உறைய வைத்தார்கள். பிள்ளை செத்தால் அந்தப் பாலை என்ன செய்வார்கள் என்று யோசித்தபடி விறாந்தையில் மரவாங்கில் கிடந்தேன். செபம் சொல்ல வாய் வரவில்லை. கேட்பதற்கு எனக்கு முகமில்லை.

குடலில் ஓட்டை விழவில்லை. வயிறு மெல்ல வற்றியது. பத்து நாளுக்குப் பிறகு ஒரு மில்லிலீற்றர் பால் விட்டார்கள், ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரம். அடுத்த மூன்று மணித்தியாலமும் பச்சை வருகிறதா என்று குழாயையே பார்த்தபடி அன்ரன் நின்றான்.

பிறகொரு காலை நேர்ஸ் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். "இங்க வந்து மணந்து பாருங்கோ அம்மா." துணியில் மஞ்சளாக மலம், தயிர் புளித்த மணம். நல்ல கிருமி குடியேறுகிற மணம் என்றாள். அவளுடைய தோளில் சாய்ந்து அழுதேன்.

பிள்ளை வீட்டுக்கு வந்து ஏழு மாதமாகிறது. ஜெசிந்தா என்னோடு கதைப்பாள். பிள்ளையை மடியிலும் தருவாள். தந்துவிட்டு அறையைவிட்டுப் போகமாட்டாள். நானும் போகச் சொல்லமாட்டேன். முன்பு படகு கரைக்கு வருகிறதை வைத்து நேரம் சொல்வேன். இப்போது எந்த வேலையிலும் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரம் உடம்பு தானாக நின்று, பால் விட்டாச்சா என்று கேட்கிறது. என் வயிறு இரையும்போது, உள்ளே இருப்பவர்களுக்கு நான் என்ன கொடுத்தேன் என்று யோசிக்கிறேன். அறுபத்தெட்டு வருடம் அது என்னுடைய வயிறு என்றே நினைத்திருந்தேன்.

நேற்று ஜெசிந்தா உடுப்புக் காயப்போட வளவுக்குப் போனாள். ஒன்றும் சொல்லவில்லை, போய்விட்டாள். பிள்ளையும் நானும் மட்டும். அவன் வயிறு எழும்பித் தாழ்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரமென்று தெரியாது.

"இன்னும் அசையாம அப்பிடியே இருக்கிறியளோ மாமி?"

கால் விறைத்துப்போயிருந்தது. பிள்ளையைத் தூக்கி நீட்டினேன். அவள் வாங்கவில்லை. உலை கொதிக்கிறது என்று சொல்லிக் குசினிக்குள் போனாள்.