தெருவுக்கே ஒரே பாஸ்வேர்டு

தியாகதுருகத்தில் எங்கள் வீட்டுக்கு இன்று வைஃபை வந்தது.

பெட்டியை மாட்டிய அண்ணன் பாஸ்வேர்டையும் தானே வைத்துவிட்டுச் சொன்னார். அவருடைய கடைப் பெயர், பின்னால் ஒன்று இரண்டு மூன்று.

"வேற வெச்சிக்கலாமாண்ணா?"

"இன்னாத்துக்கும்மா? தெருவுல எல்லா வூட்டுக்கும் இதான். ரிப்பேர்னு வந்தா ஒவ்வொருத்தரையும் கேட்டுக்கினு நிக்க முடியுமா?"

"அப்ப யார் வேணா உள்ள வரலாமே?"

"யார் வரப் போறா? எதிர் வூட்டு அக்கா வந்து உங்க நெட்டத் தூக்கிக்கினு போவாங்களா?"

அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் பாஸ்வேர்டை மாற்றினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லா வீட்டுக்கும் இதேதானா என்ற சந்தேகம் விடவில்லை. போனில் எதிர்வீட்டு அக்காவின் பெயரில் தெரிந்த வைஃபையைத் தொட்டு, பழைய பாஸ்வேர்டை அடித்தேன். உடனே இணைந்துவிட்டது. பதறிப்போய்த் துண்டித்தேன்.

இனி அக்காவை எச்சரிக்காமல் இருக்க முடியாது. சொன்னால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "உனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

யார் வரப் போகிறார்கள் என்று அந்த அண்ணன் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. அக்காவின் கேள்விக்குத்தான் இல்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.