கத்தியைத் திருப்பிப் போட்டவன்

ஒரு நல்ல மிஷினை உதவாது என்று எழுதிக் கொடுத்தவன் நான். கோளாறு மிஷினில் இல்லை, என் கையில் இருந்தது. அது எட்டாவது நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் இரண்டு வருடம் வாயைத் திறக்கவில்லை.

இதை உங்களிடம் சொல்லக் காரணம் உண்டு. குமுளிப் பழைய சாமான் கடையில் கையால் சுற்றுகிற சமையல் மிஷின் எதை வாங்கினாலும், கூடலூரில் பாதிப் பேர் முதலில் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டுகிறீர்கள். நானும் ஈயப்பூச்சு உரிந்திருக்கிறதா, உள்ளே திருகு தேய்ந்திருக்கிறதா, மேசை விளிம்பில் பிடி நிற்கிறதா என்றெல்லாம் பார்த்து, பெரிய மனுஷன் போலத் தலையாட்டுகிறேன். அந்தத் தலையாட்டலை நம்புமுன் நான் செய்த காரியத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அய்யா திராட்சைத் தோட்டத்தில் கூலி. நான் பிஸிக்ஸில் பட்டம் வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்து எங்கள் தெருவில் மனு எழுதுவது, மாத்திரை அட்டையைப் படித்துச் சொல்வது, மோட்டார் ஏன் ஓடவில்லை என்று பார்ப்பது எல்லாம் என் தலையில். 'தெரியாது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை... அதுதான் வியாதி.

இரண்டாயிரத்து எட்டு. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத காலம். மிக்ஸியை நம்பித் தொழில் செய்ய முடியாது என்று எங்கள் தெரு மகளிர் குழு கைமிஷினுக்குப் போனது. போட்டிக்கு இரண்டு மிஷின் வந்தன. இரண்டுமே மேலே எஸ்டேட் பங்களாக்களில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போனவை என்று சொல்லி விற்கப்பட்டவை. ஒன்று, குழுத் தலைவி பாப்பாத்தி அக்காவின் சீவல் மிஷின். உருளையைச் சுற்றினால் வாழைக்காய் வட்டம் வட்டமாக விழும். இன்னொன்று, மும்தாஜ் அக்காவின் கைமா மிஷின். கோலா உருண்டை போட்டுக் கல்யாண வீடுகளுக்குக் கொடுக்கலாம் என்பது அவள் கணக்கு. எந்த மிஷின் தேறுகிறதோ அந்தத் தொழில். மிஷின்காரிதான் அதை நடத்துவாள்.

மும்தாஜ் அக்காவுக்கு அது வெறும் தொழில் இல்லை. அவள் விடிந்ததும் ஜீப்பில் ஏறி, மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போய்வருகிறவள். அந்த ஜீப்பிலிருந்து இறங்க அவளுக்கு இருந்த ஒரே வழி அந்த இரும்பு மிஷின்.

"நாங்கள்லாம் கைநாட்டு. நீ படிச்ச புள்ள, நீ எழுதிக் குடுக்குறதுதான் முடிவு" என்றாள் பாப்பாத்தி அக்கா. பன்னிரண்டு பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்படி இருந்தது தெரியுமா எனக்கு!

கைமா மிஷினில் நாலு இறக்கையுள்ள சின்னக் கத்தி ஒன்று உண்டு. அதற்கு முன்னால் ஓட்டைத் தட்டு. கத்தியின் ஒரு பக்கம் சப்பை, கூர் அந்தப் பக்கத்து விளிம்பில்; மறுபக்கம் சரிவு. நான் சப்பைப் பக்கத்தை உள்ளே பார்க்க வைத்து மாட்டினேன். கூர்மையான பக்கம் வருகிற கறியைப் பார்த்துத்தானே இருக்க வேண்டும்? என் பிஸிக்ஸ் அப்படித்தான் சொன்னது.

"தம்பி... கடைக்காரக மாட்டிக் காமிச்சாக. சப்பப் பக்கம் வெளிய பாத்து இருந்துச்சு" என்றாள் மும்தாஜ் அக்கா, மெதுவாக.

நான் என்ன சொன்னேன்? "ஏக்கா, கத்தி கறிய வெட்டணுமா, தட்ட வெட்டணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்க முயன்றாள்.

அரைக் கிலோ கறி போட்டுச் சுற்றினேன். கைமாவா வந்தது? கூழ்! ஜவ்வெல்லாம் கத்தியில் சுற்றிக்கொண்டது. கைப்பிடி இறுகிப்போனது. பாப்பாத்தி அக்காவின் மிஷினோ பத்து வாழைக்காயைப் பேசிக்கொண்டிருக்கும்போதே சீவித் தள்ளியது. கட்டம் போட்ட தாளில் எழுதினேன்: 'திறன் மிகக் குறைவு. பரிந்துரைக்க இயலாது.' அந்த 'இயலாது' என்ற சொல்லை எழுதும்போது எனக்குள் ஒரு பெருமிதம் ஓடியது. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மும்தாஜ் அக்கா மிஷினைக் கழற்றி, கழுவி, சாக்கில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். மறுநாளும் ஜீப் ஏறினாள்.

எட்டாவது நாள் கம்பத்தில் ஒரு கறிக்கடையில் நின்றேன். கடைக்கார பாய் அதே மாதிரி மிஷினைக் கழுவி மாட்டிக்கொண்டிருந்தார். சப்பைப் பக்கம் வெளியே. ஓட்டைத் தட்டோடு ஒட்டி.

"திருப்பிப் போட்டா என்னாகும் பாய்?"

"வெட்டாது தம்பி, சவச்சுத் துப்பும். எந்தக் கூமுட்ட அப்பிடி மாட்டுவான்?"

கத்தி கறியை மட்டும் வெட்டுவதில்லை. தட்டின் ஓட்டையோடு உரசித்தான், கத்தரிக்கோல் மாதிரி வெட்டுகிறது. படிப்பில்லாத அந்த அக்கா கண்ணால் பார்த்ததைச் சரியாகச் சொன்னாள். படித்த நான் அவள் வாயை அடைத்தேன்!

அன்று மாலையே போய்ச் சொல்லியிருக்கலாம். சிப்ஸ் தொழில் தொடங்கிவிட்டதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழுவுக்குள் சண்டை வரும் என்றேன். எல்லாம் பொய். 'கத்தி மாட்டத் தெரியாத டிகிரி' என்று தெரு சிரிக்குமே... அந்த ஒரு பயம்தான்.

கம்பத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வேலைக்காக நான் காலையில் பஸ்ஸுக்கு நிற்பேன். வழியில் ஆள் ஏற்றிக்கொண்டு அவள் ஜீப் என்னைக் கடந்து போகும். இருபது பேர் நெருக்கத்துக்குள்ளிருந்து ஒரு கை ஆடும். "தம்பி, வேலைக்கா?" என்று அந்தக் குரல் கேட்கும். இரண்டு வருடம் கேட்டேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் சிரித்துத் தலையாட்டினேன்.

இரண்டாயிரத்துப் பத்து மழைக்காலத்தில், ஏலக்காய் மூட்டையோடு சரிவில் வழுக்கி விழுந்தாள். வலது தோள். அதற்கப்புறம் அந்தக் கை காதுக்கு மேலே எழவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே சாக்கோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "தம்பி, இத எடைக்குப் போட்டுரலாமா? நீதான பாத்த. வேற எதுக்காச்சும் ஆகுமா, சொல்லு. நீ சொன்னாப் போட்டுர்றேன்."

என்னிடமே கேட்டாள்! இன்னொரு தடவை என் மதிப்பீட்டை நம்பி வந்து நின்றாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை, அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"எட்டாம் நாளு."

சாக்கைக் கீழே இறக்கி வைத்தாள். "அப்பத் தோளு நல்லாருந்துச்சு" என்றாள். பிறகு, "எங்கிட்டச் சொன்னாப் பத்தாது. அங்கன வந்து சொல்லு."

அடுத்த குழுக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். என் பழைய தாளைப் படித்துவிட்டு, எழுதியது தப்பு, தப்பு என்று தெரிந்தே மறைத்தேன் என்று சொன்னேன். பாப்பாத்தி அக்காதான் முதலில் வாய் திறந்தாள். "ஏலே, பட்டம் குடுத்தவுக கத்தி மாட்டச் சொல்லிக் குடுக்கலையாக்கும்!" பயந்தேனே, அந்தச் சிரிப்பு அறை முழுக்க எழுந்தது. ஆச்சரியம் என்னவென்றால், நான் செத்துப்போகவில்லை. ஒரு நிமிஷச் சிரிப்பு! இதற்குப் பயந்தா ஒருத்தியின் இரண்டு வருடத்தைத் தின்றேன்?

துருவைத் தேங்காய் நாரால் தேய்த்து, எண்ணெய் பூசி, அங்கேயே மாட்டினோம். மாட்டியது மும்தாஜ் அக்கா, இடது கையால். ஜவ்வு நீக்கிய கறியை உள்ளே விட்டாள். கைப்பிடியைச் சுற்ற நான் கை நீட்டினேன்.

"நீ தள்ளிக்க தம்பி. சுத்த ஆளு இருக்கு."

பாப்பாத்தி அக்கா முந்தானையைச் சொருகிக்கொண்டு வந்து சுற்றினாள். கைமா நூல் நூலாக, உதிரி உதிரியாக விழுந்தது. "அடி ஆத்தா, இதுவாடி உதவாத மிஷினு!" என்றாள். அங்கேயே உட்கார்ந்து பேசி முடித்தார்கள்: வாழைக்காய் ஒரு பக்கம், கோலா ஒரு பக்கம், இரண்டும் ஓடட்டும் என்று. உத்தமபாளையத்தில் தன் நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு முதல் ஆர்டர் என்று ஒருத்தி எழுந்து சொன்னாள். மும்தாஜ் அக்கா இனி ஜீப் ஏற வேண்டாம்.

பொட்டுக்கடலை, சோம்பு, கசகசா சேர்த்து உருட்டி, சட்டியில் போட்டு எடுத்தார்கள். வாசனை தெருமுனை வரை போயிருக்கும். அவள் ஒவ்வொருத்தி கையிலும் ஒன்று வைத்து, "உப்பு பாத்துச் சொல்லுடி... வெந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கும் ஒன்று வைத்தாள். சாப்பிட்டேன். அவ்வளவு நன்றாக இருந்தது.

என்னிடம் மட்டும் எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.