நிண்டதோ, நிப்பாட்டினதோ

யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்குள் வேலை செய்தவனுக்குத் தலையைவிடப் பாஸ் முக்கியம். தலையை வீட்டில் வைத்துவிட்டு வந்தாலும் வாசலில் நிற்கும் கடற்படைக்காரன் விட்டிருப்பான். பாஸ் இல்லாவிட்டால் விடமாட்டான்.

அங்கே ஒரு கப்பல் முகவர் கந்தோரில் களஞ்சியக் கணக்கு எழுதினேன். கந்தளாயில் ஒரு அரிசி ஆலையில் நல்ல வேலை கிடைத்ததும் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து ராஜினாமா செய்தேன். அந்தக் கடைசி மாதச் சம்பளத்தைத்தான் கந்தளாயில் பார்த்த வாடகை வீட்டுக்கு முற்பணமாகத் தருவதாகச் சொல்லியிருந்தேன். சம்பளம் இல்லையென்றால் வீடும் இல்லை.

ஒரு கிழமைகூடப் போகவில்லை, மனேஜர் கூப்பிட்டார்.

"போற ஆளுக்கு இஞ்ச என்ன வேலை? பாஸைத் தாரும். நாளைக்கு வரத் தேவையில்லை."

"சம்பளம், சேர்?"

"வேலை செய்யாமல் சம்பளமோ? நல்ல கதை."

பாஸைக் கொடுத்து, "தாங்க்ஸ் சேர்" என்றும் சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

சுழியோடி வருபவர்களைத் தடுக்கக் கடற்படை தண்ணீருக்குள் வெடி போட்டால் எங்கள் வீட்டு அலுமாரிக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். அன்று என் வாய் அந்த அலுமாரியாக இருந்தது. துறைமுக வாசலுக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக்கடைக்காரன் கேட்டான்:

"என்ன அண்ணை, வெள்ளனவே வெளியில?"

பாஸைப் பறித்துவிட்டார்கள் என்றால் ஊர் என்னவெல்லாம் நினைக்கும்? களவு என்று நினைத்தால்கூடப் பரவாயில்லை. அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிதாக, இயக்கத்து ஆளென்றும் நினைப்பார்கள்.

"வேலையை விட்டு நானாத்தான் நிண்டனான்" என்றேன்.

சலூனிலும் அதையே சொன்னேன். பஸ்ஸில் கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, முதல்ல உங்கட வாய்க்கு நோட்டீஸ் குடுங்கோ" என்று சொல்லி மனைவி என்னை, தொழிலாளர் முறைப்பாடு கேட்கும் தொழில் கந்தோருக்கு அனுப்பினாள்.

அங்கே இருந்த பெண் அதிகாரி பொறுமையாக விளங்கப்படுத்தினார். "நோட்டீஸ் முடியுமட்டும் நீங்கள் அவையின்ர ஆள்தான். இடையில அவை நிப்பாட்டினா மிச்ச நாளுக்கும் சம்பளம் தரவேணும். நீங்களா நிண்டா ஒண்டுமில்லை. எது?"

பழக்கதோஷத்தில் 'நானா' என்று தொடங்கிய நாக்கைக் கடித்து, "நிப்பாட்டினவை" என்றேன்.

விசாரணைக்கு மனேஜர் இஸ்திரி போட்ட சேட்டோடு வந்தார். "இவர் தானா நிண்டவர், மிஸ். தேத்தண்ணிக்கடையில கேளுங்கோ, சலூனில கேளுங்கோ. ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சவர்."

"சொன்னனீங்களோ?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஓம் மிஸ், எல்லாருக்கும் சொன்னனான்" என்று வந்தது.

"ஏன்?"

"வெக்கத்தில, மிஸ்."

அந்த நிமிடமே கந்தளாய் வீடு கைவிட்டுப் போய்விட்டது. ஆலை முதலாளியிடம் கெஞ்சி, நெல் மூட்டைகளுக்கு நடுவில் மனைவிக்கு எங்கே பாய் விரிக்கலாம் என்று மனதுக்குள் இடம் பார்க்கத் தொடங்கினேன்.

அதிகாரி மனேஜரைப் பார்த்தார். "இவற்ற பாஸ் எங்க?"

"என்னட்டத்தான் கிடக்கு."

"எப்ப வாங்கினனீங்கள்?"

"வரத் தேவையில்லையெண்டு சொன்ன அண்டைக்கே..." மனேஜர் பாதியில் நின்றார்.

"பாஸும் இல்லாமல் இவர் எப்பிடி வேலைக்கு வாறது? நீந்தியோ?"

"நீந்தினா நேவி நிப்பாட்டியிருக்கும், மிஸ்" என்றேன் நான். ஒருவரும் சிரிக்கவில்லை. அதிகாரி மட்டும் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மிச்ச நாட்களின் சம்பளத்தையும் கொடுக்கச் சொன்னார்.

பாஸில்லாமல் நான் உள்ளே போக ஏலாதபடியால் கந்தோர்க் காசாளர் துறைமுக வாசலுக்கே காசைக் கொண்டுவந்தார். நின்றபடி எண்ணத் தொடங்கினேன்.

தேத்தண்ணிக்கடைக்காரன் கடையிலிருந்தே கேட்டான். "என்ன அண்ணை, தானா நிண்டவருக்கும் சம்பளமோ?"

"நிண்டதில்லை தம்பி, என்னை நிப்பாட்டினவை" என்றேன், சத்தமாக, நெஞ்சை நிமிர்த்தி.

அவன் முகம் மாறியது. "ஐயோ அண்ணை, என்னத்தை எடுத்தனீங்கள்?"

வாசலில் நின்ற கடற்படைக்காரன் திரும்பிப் பார்த்தான். எண்ணிய கணக்குத் தப்பிவிட்டது. மிச்சத்தைக் கந்தளாய் பஸ்ஸில் எண்ணினேன்.