கடைசிப் பாட்டு இழுபட்டது என் கையால் அல்ல

இன்று அடம்பனிலிருந்து மன்னாருக்கு வரும் பஸ்ஸில், தொண்ணூறுகளில் நாங்கள் தேயத் தேயக் கேட்ட அந்த ஆங்கில ராக் அல்பத்தைப் போனில் கேட்டேன். கிட்டாரும் கணினி ஒலியும் மோதிக்கொள்ளும் அழகு கொஞ்சமும் பழசாகவில்லை.

அப்போது யுத்த காலம், கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் கசெட் ஓடும். கை தளர்ந்தால் பாட்டும் தளரும்.

கடைசிப் பாட்டின் நடுவில் குரல் இழுபட்டு அமுங்கும். சுற்றியவன் நான்.

"சோம்பேறி, பாட்டைக் கெடுத்துப்போட்டான்" என்று கூடப் படித்த அன்ரன் சொன்னான். இன்றுவரை கலியாண வீடு, செத்த வீடு எங்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான். நான் மறக்கவில்லை.

இன்று அதே இடத்தில் குரல் அப்படியே இழுபட்டது. பாடியவர்கள் வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். பாட்டு மூச்சடங்கி மறுபடி எழும்புகிறது. என்ன துணிச்சல்.

பக்கத்துச் சீற்றில் அன்ரன்தான் இருந்தான். இயர்போனை அவன் காதில் செருகினேன். கண்ணை மூடிக் கேட்டான்.

"ஓமடா, பாட்டுத்தான் இழுபடுது."

முப்பது வருடத்துக்குப் பிறகு எனக்கு விடுதலை.

"அப்ப மிச்சப் பாட்டெல்லாம் ஏனடா இழுபட்டது?" என்றான் அன்ரன்.

டைனமோ சுற்றிய அனுபவம் உள்ளவர்கள் யாராவது இவனுக்குப் பதில் சொல்லுங்கள்.