திங்கட்கிழமை இட்லி

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் சனிக்கிழமை மட்டும் யாரும் பட்டினி கிடக்க முடியாது. சனி பகவானுக்குப் பயந்தவர்கள் கையில் தயிர்சாதப் பொட்டலத்தோடு ஆள் தேடிக்கொண்டு திரிவார்கள். எதிரே இருக்கும் ஓட்டலில் அன்றைக்கென்றே சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக் கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். ஊறுகாய் உண்டு, வேறு எதுவும் கிடையாது. பரிகாரத்துக்குப் பொரியல் எதற்கு என்று நினைத்திருப்பார்கள் போல.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். என் மகளுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது ஐந்து மாதம் ஆனபோது, வாலாஜாபாத் ஜோசியர் ஒருவர் ஒன்பது சனிக்கிழமை ஆதரவில்லாத ஒருவருக்கு என் கையாலேயே தயிர்சாதம் கொடுக்கச் சொன்னார். எனக்கு ஜாதகத்தில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆனால் மகள் வயிற்றில் கை வைத்தபடி சோபாவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகு, நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று என்னையே கேட்டுக்கொள்ளும் தைரியம் எனக்கு இல்லை.

மானாம்பதியிலிருந்து தினமும் பேருந்தில் வந்து இறங்கி, பத்திரம் எழுதும் கடையில் டைப் அடிப்பது என் வேலை. பேருந்து நிலையத்தில் திருப்புலிவனம் வண்டி நிற்கும் தூணுக்குக் கீழே ஒரு அக்கா இருப்பார். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, பக்கத்தில் ஒரு சிமெண்டு சாக்கு. ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். அவரைத்தான் பிடித்தேன்.

முதல் சனிக்கிழமை பொட்டலத்தை நீட்டியதும் வாங்கவில்லை. நிமிர்ந்து பார்த்து, "யாருக்கு ஆவணும்மா?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என் பொண்ணுக்குக்கா. ரெண்டு தங்கல. இது மூணாவது" என்றேன். சொந்தத் தங்கையிடம்கூட நான் அப்படிப் பளிச்சென்று சொன்னதில்லை.

தலையை ஆட்டிவிட்டு என் எதிரிலேயே பிரித்துச் சாப்பிட்டார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. கொஞ்சம் தள்ளி வேறு இரண்டு பொட்டலங்கள் பிரிக்காமல் கிடந்தன. வயிறு ஏற்கெனவே நிறைந்திருக்க வேண்டும். இருந்தாலும் என்னுடையதை முழுக்கச் சாப்பிட்டார். ஒன்பதாவது வாரம் நான் வாயைத் திறப்பதற்கு முன் அவரே, "ஒம்போது ஆச்சி. நல்லா பொறக்கும் போ" என்றார்.

நல்லபடியாகவே பிறந்தது. பெண் குழந்தை. ஊரெல்லாம் லட்டு கொடுத்தேன். முதலாளிக்கு, ஓட்டல்காரருக்கு, பேருந்தில் என்னோடு வரும் ரேஷன் கடைத் தோழிக்கு, தினமும் சில்லறைக்குச் சண்டை போடும் கண்டக்டருக்குக்கூடக் கொடுத்தேன்.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது ஒரு திங்கட்கிழமை காலை, அந்த அக்கா குழாயடியில் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நிறுத்தாமல் குடித்தார். அது தாகத்துக்குக் குடிக்கிற மாதிரி இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சனிக்கிழமை ஐந்து பொட்டலம் வரும், நாய் பாதி தின்னும். ஞாயிறு மிச்சம் மீதி. திங்கட்கிழமைக்கு என்று ஒரு தோஷமும் இந்த ஊரில் யாருக்கும் இல்லை.

சரி, திங்கட்கிழமையை நாம் எடுத்துக்கொள்வோம் என்று ஓட்டலுக்குப் போய் நாலு இட்லி, ஒரு வடை கட்டச் சொன்னேன். யாருக்கு என்று நானே உளறியும் விட்டேன்.

"அதுக்கா? திங்கக்கெழம இன்னாமா பரிகாரம்? புதுசா கீதே" என்றார் ஓட்டல்காரர்.

"பரிகாரமெல்லாம் இல்ல. சும்மாதான்."

"சும்மாவா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே திரும்பி, "அந்த மொத ஈடு இட்லியவே கட்டுப்பா" என்று குரல் கொடுத்தார். ஆவி பறக்கிற இட்லி கண்ணெதிரே இருக்க, ஆறிப்போனது பொட்டலத்துக்குள் போனது. அடுத்த வாரத்திலிருந்து எனக்கு நாஷ்டா என்று பொய் சொல்லித்தான் வாங்கினேன். சட்னியும் கெட்டியாக வந்தது.

ஆனால் அந்த அக்கா முதல் வாரமே அதைத் தொடவில்லை. பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது. "வோணாம்மா. வேற யாருக்குனா குடு" என்று சாக்கை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரமும் அதே பதில்.

பேருந்தில் என் தோழி, "இன்னாடி, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? பேத்திக்கு எதுனா கண்டமா? எந்த ஜோசியரு சொன்னாரு, எனுக்கும் சொல்லேன்" என்று காதைக் கடித்தாள். ஜோசியர் இல்லை என்று சொன்னால் நம்பவில்லை; நல்ல ஜோசியரை நான் மறைப்பதாக இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதலாளி, "பழக்கி வுட்டீன்னா நாளைக்கு நம்ம கடை வாசல்ல வந்து குந்திக்கும்" என்றார். அக்கா வாங்கவில்லை என்று தெரிந்ததும் ஓட்டல்காரருக்கு ஒரே குஷி. "கொழுப்பும்மா. சனிக்கெழம துண்ணு துண்ணு ருசி கண்டுகிச்சி" என்றார்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் கோபம்தான். நல்லது செய்யப் போன இடத்தில் நாலு பேர் முன்னால் மூக்கு உடைந்தால் யாருக்குத்தான் வராது?

மூன்றாவது திங்கட்கிழமை அக்கா தூணில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். கன்னம் ஒட்டிக் கிடந்தது. பொட்டலத்தை மடியில் வைத்தேன். கண்ணைத் திறக்காமலே தள்ளிவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னாக்கா உனுக்கு? பசில கண்ணு சொருகுது, இட்லிய தள்ளிக்கினு கீற. சனிக்கெழம எல்லார் குடுக்கறதயும் துண்ற, நான் குடுத்தா மட்டும் இன்னா கேடு?" என்று கத்திவிட்டேன். திருப்புலிவனம் வண்டிக்கு நின்றிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கண்ணைத் திறந்தார். கோபம் இல்லை. அழுதுவிடுவார் போல இருந்தது.

"என் கை ராசி இல்லம்மா. நான் ஒம்போது வாரம் ஒழுங்காதான் துண்ணேன், ஒரு பருக்க சிந்தல. அப்டியும் அந்தக் கொழந்த தங்கலன்னா நான் இன்னா பண்ணுவேன்? இந்த வாட்டி வேற யாருக்குனா குடும்மா. அந்தப் பொண்ணு பாவம்."

எனக்கு ஒரு நிமிடம் எதுவுமே விளங்கவில்லை. விளங்கியபோது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் மறுபடி பொட்டலத்தோடு வந்து நின்றதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே காரணம், முதல் ஒன்பதும் பலிக்கவில்லை என்பதுதான். என் மகளுக்கு நான்காவது கருவுக்காக நான் வந்திருப்பதாக நினைத்திருக்கிறார். அதில் மறுபடியும் தன் வாய் பட்டுக் கெட்டுவிடக் கூடாது என்றுதான் மூன்று திங்கட்கிழமை வயிற்றைக் காயப்போட்டிருக்கிறார்.

சண்டைக்கார கண்டக்டர் வரைக்கும் லட்டு கொடுத்தவள் நான். தினமும் காலையில் இந்தத் தூணைத் தாண்டித்தான் கடைக்குப் போகிறேன், வருகிறேன். மூன்று மாதமாக இவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

"பொறந்துட்சிக்கா. பொண்ணு. மூணு மாசம் ஆவுது. நல்லாகீது" என்றேன். போனை எடுத்துப் படத்தைக் காட்டினேன்.

அவர் சட்டை நுனியில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டார். ஆனால் போனை வாங்கவில்லை. என் கையில் இருந்தபடியே குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப இது இன்னாத்துக்கு?" என்று இட்லியைக் காட்டினார்.

சும்மாதான் என்று சொல்ல வாயெடுத்தேன். இத்தனை நாள் ஒருவரும் நம்பாத சொல் அது. "கொழந்த பொறந்ததுக்கு. லேட்டா குடுக்கறேன்" என்றேன்.

"இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?" என்று என்னை அதட்டினார். அதட்டல் எனக்கு வேண்டியதுதான். பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நூலைப் பிரிக்கப் போனவர் நிறுத்தி, "பேரு இன்னா வெச்சீங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகுதான் நூலைப் பிரித்தார்.